பாம்புப் பெட்டிக்கு அக்ரிலிக் கதவு: ஒரு நூல் விட்டு வெட்டுங்கள்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கோவையில் இருக்கிறார். வளர்ந்த பால் பைதான் (ball python) என்கிற வளர்ப்பு மலைப்பாம்பு ஒன்று வைத்திருக்கிறார். அதற்காக 18 மி.மீ. பிளைவுட்டில் 4 அடி நீளம், 2 அடி ஆழம், 2 அடி உயரத்தில் தானே பெட்டி அடித்திருக்கிறார். முன்பக்கம் முழுவதற்கும் 4 மி.மீ. அக்ரிலிக்கில் ஒரே கதவு, அடியில் கீல் வைத்து முன்னால் விழுகிற மாதிரி. முதல் ஷீட் ஸ்குரூ முறுக்கும்போதே கீலுக்குப் பக்கத்தில் படக்கென்று விரிந்தது. இரண்டாவதை ஜாக்கிரதையாக மாட்டினார். பத்து நாளில் மேல் மூலைகள் இரண்டும் வெளியே தள்ளிக்கொண்டன. இப்போது அங்கே விரல் நுழைகிறது. செலோ டேப் ஒட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார். அக்ரிலிக்கே சரிப்படாதா, கண்ணாடிக்குப் போய்விடட்டுமா என்பது கேள்வி.

நான் பதினைந்து வருஷத்துக்கு மேல் பெயர்ப்பலகை செய்யும் போர்டு கடையில் அக்ரிலிக் வெட்டியவன், பாம்பும் வளர்ப்பவன். அதனால் இரண்டு பக்கமும் அடிபட்டிருக்கிறேன். நீங்கள் செய்த தவறு ஒன்றுதான். கதவை இம்மி பிசகாமல் அளந்து, இறுக்கமாக மாட்டியிருக்கிறீர்கள். மரத்துக்கு அது பெருமை. அக்ரிலிக்குக்கு அதுதான் வினை.

நம்மூர் ஆசாரிகள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒரு பங்கை ஒரு நூல் என்பார்கள். சுமார் 3 மி.மீ. இந்த ஒரு நூலை எங்கே விடுவது, விட்ட நூலைப் பாம்புக்குத் தெரியாமல் எப்படி மூடுவது, இவ்வளவுதான் அக்ரிலிக் கதவு வேலை. மற்றதெல்லாம் கை பழக்கம்.

முதலில் ஏன் வளைந்தது என்பதைப் பார்த்துவிடலாம், அது புரியாமல் மூன்றாவது ஷீட் வாங்கினால் அதுவும் வளையும். அக்ரிலிக் சூட்டுக்கு விரிவது கண்ணாடியைப் போல ஏழெட்டு மடங்கு. 1 மீட்டர் நீளத் துண்டு 15 டிகிரி சூடேறினால் ஒரு மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே நீளும். அது போதாதென்று ஈரத்தையும் குடிக்கும். கொஞ்சம்தான், ஆனால் குடித்த பக்கம் ஊதும். இப்போது உங்கள் பெட்டியை நினைத்துப் பாருங்கள். உள்ளே சூடான பக்கத்தில் 32 டிகிரி, ஈரப்பதம் 60க்கு மேல், தண்ணீர்த் தொட்டி வேறு. வெளியே ராத்திரி ஃபேன் காற்று. ஷீட்டின் உள்முகம் விரிகிறது, வெளிமுகம் சும்மா இருக்கிறது. விரிகிற முகம் புடைக்கும், அதாவது நடுப்பகுதி பெட்டிக்குள்ளே போகும், மூலைகள் வெளியே வரும். கீல் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, நடுவில் ஒரு தாழ்ப்பாள் பிடித்துக்கொண்டிருக்கிறது, பிடிமானம் இல்லாத இடம் மேல் மூலைகள் இரண்டும்தான். அவை வெளியே வந்தன. ஷீட் மட்டமான சரக்கு என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம், எந்தச் சரக்கும் இப்படித்தான் செய்யும்.

இதில் தடிமன் பெரிய விஷயம். வளையாமல் நிற்கிற பலம் தடிமனின் மூன்றாம் படியில் ஏறும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதான். 4 மி.மீ.க்குப் பதில் 6 மி.மீ. போட்டால் ஒன்றரை மடங்கு இல்லை, மூன்று மடங்குக்கு மேல் விறைப்பு. ஆனால் இந்தக் கணக்கு கையால் அழுத்தும்போது வளைவதற்கு. உள்ளே ஈரம் வெளியே காய்ச்சல் என்கிற வளைவைத் தடிமன் குறைக்கும், முழுக்க நிறுத்தாது. என் அனுபவத்தில் ஒரு அடி வரைக்கும் 3 மி.மீ. போதும், இரண்டடி என்றால் 5, அதற்கு மேல் ஒரே துண்டாக, சட்டம் இல்லாமல், எந்தத் தடிமனிலும் போடாதீர்கள். நான்கடியை இரண்டு இரண்டடியாகப் பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

சரி, கண்ணாடியா அக்ரிலிக்கா? மனசாட்சிப்படி சொல்வதென்றால், ஒரே இடத்தில் நகராமல் இருக்கப்போகிற பெட்டி, ஸ்லைடிங் கதவு, வீட்டில் சின்னக் குழந்தை இல்லை என்றால் கண்ணாடி நல்லதுதான். வளையாது, நகம் பட்டுக் கீறாது, எதைப் போட்டும் துடைக்கலாம். அக்ரிலிக்குக்கு எங்கே மவுசு என்றால் எடையில். நீங்கள் சொல்கிற முன்பக்கம் முழுவதும் 5 மி.மீ. அக்ரிலிக்கில் ஏறக்குறைய 4 கிலோ, கண்ணாடியில் எட்டரை. கீல் வைத்த கதவுக்கு அந்த வித்தியாசம் பெரிசு. அப்புறம் ஓட்டை போட வேண்டும், பூட்டுக்கு வெட்ட வேண்டும் என்றால் கண்ணாடியில் கடைக்காரரை நம்பியே இருக்க வேண்டும், அக்ரிலிக்கில் வீட்டிலேயே செய்யலாம். சூட்டையும் கண்ணாடியை விட நன்றாகப் பிடித்து வைக்கும். உடைந்தாலும் கண்ணாடி மாதிரி தெறித்துப் பாம்பின் மேல் விழாது. பியர்டட் டிராகன் மாதிரி நாளெல்லாம் கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டிருக்கும் ஓணான் ஜாதிக்கு அக்ரிலிக் வேண்டாம், ஆறே மாதத்தில் பனிமூட்டம் மாதிரி ஆகிவிடும். பாம்பு பிறாண்டாது என்பதால் உங்களுக்கு அந்தக் கவலை கிடையாது.

நடுவில் ஒன்று. பால் பைதான் மேற்கு ஆப்பிரிக்கப் பாம்பு, சைட்டிஸ் என்கிற சர்வதேச வனஉயிரின வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பது, அதனால் 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இதைப் படித்துவிட்டு நம்மூர் மலைப்பாம்பையோ உடும்பையோ நட்சத்திர ஆமையையோ பிடித்து வைக்க யாராவது பெட்டி அடித்தால் 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான். அதற்கு என் அளவுகள் உதவாது.

இனி உங்கள் பெட்டிக்கு நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். முதலில் இரண்டு ஸ்லைடிங் கதவாகப் போடுகிற வழி, கீல் வைத்த கதவுக்குப் பிறகு வருகிறேன். முன்பக்கம் முழுவதையும் திறந்து விடாமல், அடியில் 4 அங்குலத்துக்கு ஒரு பலகை, மேலே 2 அங்குலத்துக்கு ஒரு பலகை, இரண்டையும் அதே பிளைவுட்டில் குறுக்கே அடியுங்கள். அடிப்பலகை எதற்கென்றால் பெட்டிக்குள் தரையில் பரப்பும் கோகோபீட்டுக்கு, அதாவது தேங்காய் நார்த் தூளுக்கு. பொள்ளாச்சி பக்கத்தில் இருந்துகொண்டு நீங்கள் வேறு எதைப் போடப்போகிறீர்கள்! அந்தத் தூள், கதவு நகர்கிற காடியான சேனலுக்குள் விழுந்தால் கதவு நகராது, நகர்ந்தால் அக்ரிலிக்கைத் தேய்த்துக் கோடு போடும். பலகை உயரமாக இருந்தால் தூள் அங்கே வராது. பெட்டிக்கும் முன்பக்கம் விறைப்பாக நிற்கும், நடுவில் தொய்யாது.

அப்புறம் பெயின்ட். அளவெடுப்பதற்கு முன்னால் உள்ளே அடிக்க வேண்டியதெல்லாம் அடித்து, காய வைத்து, இரண்டு நாள் ஹீட்டரைப் போட்டு விடுங்கள். பிளைவுட்டும் ஈரத்துக்கு ஊதுகிற சாமான்தான், 710 கிரேடு மெரைன் பிளை என்றால் தாங்கும், சாதா கமர்ஷியல் பிளை ஓரத்தில் பிரிந்துகொண்டு வரும். பெட்டி தன் வேலையைக் காட்டி முடித்த பிறகுதான் கதவுக்கு அளவு. நான் முதல் பெட்டிக்கு மரம் அறுத்த அன்றைக்கே கதவையும் அறுத்துவிட்டேன், பெயின்ட் காய்ந்த பிறகு ஒரு பக்கம் உட்காரவே இல்லை.

அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளங்கள், உயரத்தை இடது, நடு, வலது. மூன்றில் சின்னதை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மூலைக்கு மூலை குறுக்கே டேப் வைத்துப் பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒரு நூலுக்கு மேல் வித்தியாசப்பட்டால் பெட்டி கோணல், அதை முதலில் சரி செய்யுங்கள், கோணல் பெட்டிக்குக் கோணலாகக் கதவு வெட்டுகிற வித்தை எனக்குத் தெரியும், ஆனால் செய்ததற்கு வருத்தப்பட்டிருக்கிறேன். அளவை மி.மீ.யில் எழுதுங்கள். பெட்டி அடிக்கும்போது அடி, அங்குலம், நூல் எல்லாம் சரி. கடையில் லேசர் வெட்டுபவருக்கு மி.மீ.தான் வேண்டும், மாற்றி எழுதுகிற இடத்தில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறோம்.

ஸ்லைடிங் என்றால் கணக்கு இப்படிப் போகும். உங்கள் பெட்டியின் உள் அகலம் 1183 மி.மீ. வரும், பலகைகள் அடித்த பிறகு திறப்பின் உயரம் சுமார் 421. ஹார்டுவேர் கடையில் ஷோகேஸ் கண்ணாடிக் கதவுக்கு இரட்டைக் காடி சேனல் கேளுங்கள், மேலுக்கும் கீழுக்கும் தனித்தனி. மேல் சேனலின் பள்ளம் கீழே உள்ளதைப் போல இரு மடங்கு ஆழம் இருக்க வேண்டும், ஏனென்றால் கதவை முதலில் மேலே தூக்கி நுழைத்து, பிறகு கீழே இறக்குகிறோம். கீழ்ப் பள்ளம் 6, மேல் பள்ளம் 12, சேனலின் அடித்தகடு ஒன்றரை ஒன்றரை என்று வைத்துக்கொள்வோம். அப்போது கீழ்ப் பள்ளத்தின் தரையிலிருந்து மேல் பள்ளத்தின் கூரைக்கு 418. அதில் கீழ்ப் பள்ளத்தின் ஆழம் 6, தாராளத்துக்கு 2, மொத்தம் 8 கழித்தால் கதவின் உயரம் 410. இறக்கிய பிறகு மேலே 4 மி.மீ. பள்ளத்துக்குள் நிற்கும். அகலத்துக்கு ஒவ்வொரு கதவும் 608. இரண்டும் நடுவில் 33 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று வரும். உங்கள் சேனலின் பள்ளம் வேறு அளவில் இருக்கும், அதனால் என் எண்களைக் காப்பி அடிக்காதீர்கள், கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சேனல் வாங்கப் போகும்போது கையில் ஷீட்டின் ஒரு கட் பீஸ் கொண்டு போங்கள். 5 மி.மீ. என்று எழுதியிருக்கும் காஸ்ட் ஷீட் சரியாக 5 இருக்காது. வார்த்துச் செய்கிற ஷீட்டில் அரை மி.மீ.க்கு மேல் கூட இப்படி அப்படி வருவது விதிப்படியே அனுமதிக்கப்பட்டதுதான், ஒரே ஷீட்டின் இரண்டு ஓரத்தில் கூட வித்தியாசம் இருக்கும். கண்ணாடிக்காகச் செய்த சேனலில் அது டைட்டாக உட்கார்ந்தால் நாலு நாள் கழித்துக் கதவு அசையாது. கட் பீஸ் உள்ளே லொடலொடவென்று ஆடினாலும் பரவாயில்லை, இறுகினால் வேண்டாம்.

காஸ்ட் ஷீட்டையே கேளுங்கள், பிதுக்கிச் செய்கிற எக்ஸ்ட்ரூடட் ஷீட் கொஞ்சம் மலிவு, ஆனால் அறுத்தால் உருகும், ஓட்டை போட்டால் விரியும், ஸ்பிரிட் பட்டால் நரம்பு நரம்பாகக் கோடு விடும். சின்ன வேலைக்கு முழு ஷீட் வாங்க வேண்டியதில்லை, போர்டு கடைகளில் கட் பீஸை எடைக்கே போடுவார்கள்.

வெட்டுவதைப் பற்றி. உங்களுக்கு லேசர் வெட்டுகிற போர்டு கடை பக்கத்தில் இருந்தால் யோசிக்காமல் அங்கே போங்கள். ஓரம் கண்ணாடி மாதிரி வரும், அளவு தப்பாது, காற்று ஓட்டைகளையும் பூட்டு ஓட்டையையும் அதே நேரத்தில் போட்டுவிடலாம். உள்பக்கம் வெட்டும் எந்த மூலையையும் சதுரமாகக் கேட்காதீர்கள், 3 மி.மீ.யாவது வளைவு கொடுக்கச் சொல்லுங்கள், விரிசல் எப்போதும் கூர்மூலையிலிருந்துதான் கிளம்பும். லேசர் ஓரத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வெட்டிய சூட்டில் ஓரம் உள்ளுக்குள் இழுவிசையோடு இறுகி நிற்கும். அதில் ஸ்பிரிட்டோ சானிடைசரோ பட்டால் போச்சு. நான் ஒரு தடவை பளபளவென்று வெட்டி வந்த இரண்டு கதவுகளை, பாம்பு இருக்கிற இடமாயிற்றே, சுத்தமாக இருக்கட்டும் என்று ஸ்பிரிட் போட்டுத் துடைத்து வைத்தேன். காலையில் பார்த்தால் ஓரம் பூரா சிலந்தி வலை. ஒரு பூட்டு ஓட்டையிலிருந்து விரிசல் விளிம்பு வரை போயிருந்தது.

லேசர் கிடைக்கவில்லை என்றால் அக்ரிலிக் கத்தி, அந்தக் கொக்கி மூக்கு வைத்தது, விலை ஒன்றும் அதிகமில்லை. 3 மி.மீ.க்கு அருமை, 5 வரை மல்லுக்கட்டலாம். நேரான இரும்பு ஸ்கேலை இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டுப் பிடித்து, கத்தியை உங்கள் பக்கம் இழுங்கள். முதல் நாலைந்து இழுப்பு மெதுவாக, வெறும் கோடு விழுவதற்கு மட்டும். அப்புறம் அழுத்தி. சுருள் சுருளாக வர வேண்டும். தடிமனில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் போன பிறகு கோட்டை மேஜை ஓரத்துக்கு நேராக வைத்து, கோடு மேலே பார்க்க, ஒரே மூச்சில் அமுக்கினால் டப்பென்று பிரியும். தயங்கித் தயங்கி அமுக்கினால் கோட்டை விட்டு ஓடிவிடும். இந்த முறையில் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேர்வெட்டு மட்டும்தான் முடியும், ஒரு விரல் அகலத்தை மட்டும் சீவி எடுப்பதெல்லாம் நடக்காது.

நீங்கள் ஜிக்சாவில் அறுத்ததாகவும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டதாகவும் எழுதியிருந்தீர்கள். வேகம் அதிகம், அதனால் தூள் உருகிப் பின்னால் வெல்டிங் ஆகிவிடுகிறது. வேகத்தைக் குறைத்து, பிளாஸ்டிக்குக்கான பிளேடு போட்டு, கீழே ஒரு வேண்டாத பிளைவுட்டை முட்டுக் கொடுத்து, வழியில் நின்று நின்று அறுங்கள். ஷீட் அதிர்ந்தால் பிளக்கும். வட்ட ரம்பம் வைத்திருப்பவர்கள் பல் நெருக்கமான கார்பைடு பிளேடு போட்டு அறுத்தால் இதை விட நேராக வரும். எதில் அறுத்தாலும் மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தை உரிக்காதீர்கள், கதவு மாட்டி முடிக்கிற வரைக்கும் அது இருக்கட்டும். ஆனால் அதற்காக மாதக்கணக்கில் வெயிலில் வைத்துவிட்டால் காகிதம் தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அப்படி ஆனால் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு ஊற விட்டு உரித்து, சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிடுங்கள். தின்னர் மட்டும் கூடாது, அது ஷீட்டையே தின்னும்.

கையால் அறுத்த ஓரத்தை ஹேக்சா பிளேடின் முதுகால் சுரண்டி, பிறகு 220, 400, 800 என்று தண்ணீர் தொட்டு எமரித் தாள் போடுங்கள். பளபளப்பு வேண்டுமானால் கார் பாலிஷ் கடையில் கிடைக்கும் ரப்பிங் காம்பவுண்ட். எனக்கு அது வீண் வேலை, ஓரம் சேனலுக்குள்ளேதான் ஒளிந்திருக்கப்போகிறது. ஆனால் சொரசொரப்பை எடுப்பது வீண் வேலை இல்லை. ரம்பம் விட்டுப் போன ஒவ்வொரு பல் தடமும் ஒரு விரிசலுக்கு விதை.

இப்போது உங்கள் முதல் ஷீட் ஏன் விரிந்தது என்பதற்கு வருகிறேன். மூன்று தப்பும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கிறது. ஓட்டை ஸ்குரூ அளவுக்கே இருக்கிறது, விளிம்புக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது, போட்டது தலை உள்ளே இறங்குகிற கூம்புத் தலை ஸ்குரூ. கூம்பு ஆப்பு மாதிரி வேலை செய்யும், முறுக்க முறுக்க ஓட்டையைப் பிளக்கும். 4 மி.மீ. போல்ட்டுக்கு 6 மி.மீ. ஓட்டை போடுங்கள். ஷீட் விரியும்போது நகர இடம் வேண்டும். ஓட்டையின் விளிம்பிலிருந்து ஷீட்டின் விளிம்புக்குக் குறைந்தது 12 மி.மீ. விடுங்கள். தலையின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கிற போல்ட், அகலமான வாஷர், அதற்கும் அக்ரிலிக்குக்கும் நடுவில் ரப்பர். ரப்பருக்கு எங்கேயும் அலைய வேண்டாம், பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் போடுங்கள், நான் இன்றுவரை அதைத்தான் போடுகிறேன். நட்டைக் கையால் முறுக்கி, அப்புறம் ஸ்பானரால் அரைச் சுற்று. நைலான் வைத்த நட்டு என்றால் தானாகக் கழலாது.

ஓட்டை போடுவதற்குப் புது டிரில் பிட் மிக மோசம். அதன் கூர்விளிம்பு அக்ரிலிக்கைக் கவ்வி இழுத்து, மறுபக்கம் வெளியே வரும்போது ஒரு சில்லைப் பேர்த்துக்கொண்டு போகும். வெட்டுகிற விளிம்பை சாணைக்கல்லில் லேசாகத் தேய்த்து மழுங்க விட்டால் கவ்வாமல் சுரண்டும். படிப்படியாக அகலமாகிற ஸ்டெப் பிட் இருந்தால் இன்னும் நிம்மதி. கீழே மரத்துண்டு, மெதுவான வேகம், இரண்டு சொட்டு சோப்புத் தண்ணீர், அடிக்கடி வெளியே எடுப்பது. கட் பீஸில் பத்து ஓட்டை போட்டுப் பழகிவிட்டுக் கதவைத் தொடுங்கள்.

கீல் வைத்த கதவுதான் வேண்டும், ஸ்லைடிங்கில் பாதிப் பெட்டிதான் திறக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினால், அதற்கும் வழி இருக்கிறது, சொல்லப்போனால் அக்ரிலிக்குக்கு அதுதான் பொருத்தம். தெருவுக்கு ஒரு அலுமினியம் வேலைக்காரர் இருப்பார், கொசுவலைக் கதவு செய்பவர். அவரிடம் அதே மாதிரிச் சட்டம் இரண்டு, வலைக்குப் பதில் உள்ளே அக்ரிலிக் நிற்கிற மாதிரிக் கேளுங்கள். கீல், கொண்டி எல்லாம் அலுமினியத்தில், அக்ரிலிக்கில் ஒரு ஓட்டையும் கிடையாது. இங்கேதான் அவர் அடம் பிடிப்பார். ஷீட்டை டைட்டாக வெட்டி, சுற்றிலும் சிலிக்கான் அடித்துக் கொடுத்தால்தான் அவருக்கு வேலை முடிந்த திருப்தி. விடாதீர்கள். சட்டத்தின் பள்ளத்துக்குள் ஷீட் நாலு பக்கமும் 2 மி.மீ. காலியோடு மிதக்க வேண்டும். மிதந்தால்தான் விரியும்போது வளையாமல் பள்ளத்துக்குள் நகரும். லொடலொடப்பு சத்தம் பிடிக்கவில்லை என்றால் ரப்பர் பீடிங் போடலாம். சிலிக்கான் எப்படியும் அக்ரிலிக்கில் உறுதியாக ஒட்டாது, கொஞ்ச நாளில் பட்டையாக உரிந்து வரும்.

சட்டம் போட்ட கதவிலும் தாழ்ப்பாள் ஒன்று போதாது. மேலே ஒன்று, கீழே ஒன்று. காந்தக் கொண்டியை நம்பாதீர்கள், வளர்ந்த பைதான் மூக்கை வைத்து அரை மணி நேரம் பொறுமையாகத் தள்ளும், அதற்கு வேறு வேலை இல்லை.

ஸ்லைடிங்குக்குத் திரும்பினால், அங்கே விட்ட நூலை மூடுகிற வேலை பாக்கி இருக்கிறது. இரண்டு கதவும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில், சேனலின் நடுச்சுவர் அளவுக்கு ஒரு சந்து மேலிருந்து கீழ்வரை இருக்கும். பெரிய பாம்புக்கு அது பொருட்டில்லை, குட்டிக்கு அதுதான் வாசல். தலை நுழைந்தால் உடம்பு நுழையும். ஸ்லைடிங் ஜன்னல்களில் ஒட்டுகிற பிரஷ் பட்டை மீட்டர் கணக்கில் கிடைக்கும், உள்கதவின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒட்டிவிடுங்கள். கதவும் நகரும், சந்தும் அடைபடும். மேல் சேனலில் 4 மி.மீ.தான் பிடித்திருக்கிறது என்றேன் அல்லவா, பாம்பு உள்ளிருந்து கதவைத் தூக்கிவிட்டால் கழன்று வந்துவிடும். கதவை மாட்டி முடித்ததும் மேல் பள்ளத்தின் காலி இடத்தில், கதவு மூடி நிற்கிற நிலையில், மீன்தொட்டி ஏர் டியூபை ஒரு விரல் நீளம் வெட்டி இரண்டு முனையிலும் திணித்துவிடுங்கள். சுத்தம் செய்ய வேண்டிய நாளில் பிடுங்கிக்கொள்ளலாம். பூட்டுக்கு நகைக்கடை ஷோகேஸில் இருக்குமே, பல் வைத்த பட்டையில் நகர்ந்து இறுகுகிற பூட்டு, அதுவே போதும், ஓட்டையும் தேவையில்லை.

என்னுடைய முதல் பைதான் இந்த ஏர் டியூப் விஷயம் எனக்குத் தெரிவதற்கு முன்னால் கதவைத் தூக்கிக்கொண்டு போனதுதான். மூன்று நாள் கழித்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால், கம்ப்ரஸர் சூட்டில் சொகுசாகச் சுருண்டு கிடந்தது. அந்த மூன்று நாளும் என் அம்மா சமையலறைக்குள் காலே வைக்கவில்லை.

காற்றோட்டத்துக்குக் கதவில் ஓட்டை போடலாம், ஆனால் நான் போடுவதில்லை, பக்கப் பலகைகளில் ஒரு பக்கம் தாழ்வாகவும் எதிர்ப்பக்கம் உயரமாகவும் போடுகிறேன். கதவில் ஓட்டை கூடக் கூட அது பலவீனம்தான், பாம்பும் காற்று வருகிற ஓட்டையில் மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். விளக்கோ செராமிக் ஹீட்டரோ கதவுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கவே கூடாது. அக்ரிலிக் 80 டிகிரிக்கு மேல் தளரத் தொடங்கும், அதற்கு ரொம்ப முன்னாலேயே வளைந்துவிடும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்துக் கதவின் உள்முகத்தைப் பாருங்கள், 45ஐத் தாண்டினால் விளக்கை உள்ளே தள்ளுங்கள். பல்லி, ஓணான் வளர்க்கிறவர்களுக்கு இன்னொன்று: புறஊதாக் கதிர் தரும் யூவிபி விளக்கை அக்ரிலிக்குக்கு வெளியே வைத்தால் பிரயோஜனமில்லை, சாதாரண அக்ரிலிக் அந்தக் கதிரை உள்ளே விடாது, கண்ணாடியும் அப்படித்தான்.

ஒட்ட வேண்டிய சின்னப் பாகங்கள், கைப்பிடி மாதிரி, இருந்தால் போர்டு கடையில் குளோரோஃபார்ம் ஊசியில் எடுத்து ஒட்டித் தருவார்கள். தண்ணீர் மாதிரி ஓடிப்போய் இரண்டையும் ஒன்றாக உருக்கிவிடும், ஃபெவிக்விக் மாதிரி வெள்ளை பூக்காது. அந்த வாடை மனிதனுக்கே ஆகாது, பாம்புக்குக் கேட்கவே வேண்டாம். கதவைக் கழற்றி வெளியே வைத்து ஒட்டி, ஒரு வாரம் காற்றாட விட்டுவிட்டு மாட்டுங்கள்.

துடைப்பதற்கு மென்மையான துணி, சோப்புத் தண்ணீர், அவ்வளவுதான். கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயில் அமோனியா இருந்தால் நாளாவட்டத்தில் மங்கும். காய்ந்த துணியால் தேய்த்தால் தூசி கீறுவது ஒரு பக்கம், மின்சாரம் ஏறி இன்னும் தூசியை இழுக்கும்.

எல்லாம் மாட்டிய பிறகு பாம்பை உடனே விட்டுவிடாதீர்கள். ஹீட்டரைப் போட்டு, தண்ணீர்த் தொட்டியை வைத்து, கோகோபீட்டை நனைத்து, மூன்று நாள் காலியாக ஓட்டுங்கள். மூன்றாம் நாள் விடிகாலையில், வெளியே குளிர்ந்து உள்ளே சூடாக இருக்கிற நேரத்தில், ஒரு ஏடிஎம் கார்டை எடுத்துக் கதவைச் சுற்றி எல்லா மூலையிலும் நுழைத்துப் பாருங்கள். ஒரு கார்டு முக்கால் மி.மீ., நாலு கார்டு சேர்த்தால் ஒரு நூல். வளர்ந்த பாம்புக்கு இரண்டு கார்டு நுழைகிற சந்து வரை நான் விட்டுவிடுவேன். நாலும் சேர்ந்து நுழைகிற இடம் எங்கேயாவது இருந்தால் அங்கே பிரஷ் பட்டையோ இன்னொரு கொண்டியோ போட்டுவிட்டு, இன்னும் ஒரு ராத்திரி காலியாக ஓட்டிப் பாருங்கள்.